தந்திரமாக: ஒரு வினையடையும் மதுரையின் தீர்ப்புகளும்

ஒருவர் ‘ஸ்லைலி’ சிரித்தார், ‘கன்னிங்லி’ பேசினார் என்று ஆங்கிலத்தில் எழுதினால், வாசகருக்கு இரண்டு செய்திகள் சேர்ந்தே போகின்றன. செயல் எப்படி நடந்தது என்பது ஒன்று. அதைச் சொல்பவர் அதைப் பற்றி என்ன நினைக்கிறார் என்பது மற்றொன்று. தமிழில் ‘தந்திரமாக’ என்று சொன்னாலும் இதுவே நடக்கிறது. ‘வேகமாக’ நடந்தானா என்பதைக் கடிகாரம் வைத்துச் சோதிக்கலாம். ‘தந்திரமாக’ நடந்தானா என்பதைச் சோதிக்க எந்தக் கருவியும் இல்லை. செய்தவரின் மனத்தில் மறைவான நோக்கம் இருந்தது என்று முடிவுகட்டிய பிறகுதான் அந்தச் சொல் வாயில் வருகிறது. வர்ணனைபோலத் தோன்றினாலும் அது தீர்ப்பு.

அப்படியானால் யாருக்கு எந்தத் தீர்ப்பு? ஒரே மாதிரியான செயலை ஒருவர் செய்தால் சாமர்த்தியம், இன்னொருவர் செய்தால் கள்ளத்தனம் என்று எதை வைத்துப் பிரிக்கிறோம்? இந்தக் கேள்வியை விரிவாகப் பார்க்க மதுரையைவிடப் பொருத்தமான ஊர் தமிழ்நாட்டில் இல்லை. ஒரு பொற்கொல்லனின் சூழ்ச்சியால் எரிந்த நகரம் என்று சிலப்பதிகாரம் இதைக் காட்டுகிறது. இறைவன் வேடம் போட்டு அறுபத்து நான்கு முறை ஆடிய நகரம் என்று திருவிளையாடற் புராணம் காட்டுகிறது. இதன் ஆற்றில் ஆண்டுதோறும் இறங்கும் பெருமாளின் பெயரே கள்ளழகர். இதே ஊரின் மேற்கே விரியும் சமவெளியில்தான் ஒரு சமூகம் முழுவதையும் பிறவிக் குற்றவாளிகள் என்று சட்டம் எழுதிவைத்தது. சொல், காப்பியம், புராணம், அரசியல், சட்டம், வழிபாடு, ஆய்வு என்ற வரிசையில் இந்தச் சான்றுகளைச் சேர்த்துப் பார்ப்பது இக்கட்டுரையின் வேலை.

சொற்களின் தராசு

தொல்காப்பியம் சொற்களைப் பெயர், வினை, இடை, உரி என்று நான்காகவே வகுத்தது. வினையடை என்ற தனி வகை பிற்காலத்து ஏற்பாடு. இன்றைய தமிழில் பெயரோடு ‘ஆக’ சேர்ந்தால் வினையடை பிறந்துவிடும் என்பதால், மறைவான நடத்தையைச் சொல்லும் பெயர்கள் எத்தனை உண்டோ அத்தனை வினையடைகளும் உண்டு. சாமர்த்தியமாக, சாதுரியமாக என்றால் பாராட்டு. நயவஞ்சகமாக, குள்ளநரித்தனமாக என்றால் கண்டனம். கமுக்கமாக என்பதில் கண்டனம் பாதி, வியப்பு பாதி. ‘நைசா நழுவிட்டான்’ என்பதில் புகாரோடு ஒரு சிரிப்பும் இருக்கிறது. தந்திரமாக என்பது நடுவில் நின்று, சொல்பவரின் குரலைப் பொறுத்து எந்தப் பக்கமும் சாயும்.

பங்காளிகள் இருவருக்குள் ஒரு வயல் கைமாறுகிறது என்று வைத்துக்கொள்வோம். வாங்கியவனின் அண்ணன், ‘வெவரமா முடிச்சிட்டான்’ என்பார். விட்டுக்கொடுத்த வீட்டில், ‘நைசா அமுக்கிட்டான்’ என்பார்கள். பத்திரம் ஒன்றுதான், தொகையும் ஒன்றுதான். வேறுபடுவது சொல்பவர் உட்கார்ந்திருக்கும் திண்ணை.

இச்சொற்களில் பலவும் ஒரு காலத்தில் மரியாதையாக வாழ்ந்தவை. திருக்குறளின் வினைசெயல்வகை அதிகாரத்தில் சூழ்ச்சி என்பது ஆலோசனை. திருமூலரின் திருமந்திரம் ஒன்பது தந்திரங்களாகப் பகுக்கப்பட்டிருக்கிறது. அங்கே தந்திரம் என்றால் நூற்பகுதி. ஆங்கிலத்தின் ‘கன்னிங்’ அறிதலைக் குறித்த வினையிலிருந்து வந்தது. ‘கிராஃப்ட்’ என்பது வலிமையையும் கைத்திறனையும் குறித்து, பிறகு ‘கிராஃப்டி’ என்று சரிந்தது. தொடர்பில்லாத இரண்டு மொழிகளில் அறிவைக் குறித்த சொற்கள் வசையாக மாறியிருப்பது தற்செயலாக இருக்க முடியாது. தன்னைவிடக் கூடுதலாக அறிந்தவன்மேல் எளியவனுக்கு எப்போதும் இருந்த சந்தேகமே இச்சொற்களை இழுத்துச் சென்றிருக்க வேண்டும்.

மதுரைப் பக்கத்துப் பேச்சில் இந்த வரிசைக்கு மறுமுனையும் உண்டு. வெளியூர் கிளம்பும் பிள்ளையிடம், ‘சூதானமாப் போயிட்டு வாய்யா’ என்பாள் தாய். எச்சரிக்கையாக, கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு என்று பொருள். பிறரை ஏமாற்றச் சொல்வதல்ல அது, ஏமாறாதே என்பது. தந்திரம் நிறைந்த உலகில் எளியவருக்கு அனுமதிக்கப்பட்ட அறிவின் அளவு அது.

கொலைக்களத்தில் ஒரு சொற்பொழிவு

சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதை, சூழ்ச்சி எப்படி வேலை செய்கிறது என்பதற்கான முழுமையான பாடம். கோப்பெருந்தேவியின் சிலம்பை ஏற்கெனவே திருடிவைத்திருந்த பொற்கொல்லன், விற்க வந்த கோவலனின் கையில் அதேபோன்ற சிலம்பைக் கண்டதும் தன் குற்றத்தை இறக்கிவைக்க ஆள் கிடைத்துவிட்டது என்று தீர்மானிக்கிறான். அப்போது அரண்மனையில் சிறிய அளவில் இன்னொரு பாவனையும் நடக்கிறது. ஆடல் மகளிர்மேல் அரசனின் மனம் போனதில் ஊடல் கொண்ட தேவி, தலைவலி என்று சொல்லி எழுந்து போயிருக்கிறாள். அவளைச் சமாதானப்படுத்தப் போகும் அவசரத்தில் இருக்கும் பாண்டியன் விசாரணை எதுவும் இல்லாமல் ஆணையிடுகிறான். மனைவியின் பாவனைக்கு ஊடல் என்ற அழகான பெயர். பொற்கொல்லனின் பாவனை ஒருவனுடைய தலையைக் கேட்கிறது. காப்பியம் இரண்டையும் ஒரே காதையில் அடுத்தடுத்து வைத்திருக்கிறது.

ஆனால் காதையின் உச்சம் இதற்குப் பிறகுதான். காவலர்கள் கோவலனைப் பார்த்துத் தயங்குகிறார்கள். இவன் முகத்தில் கள்வனின் குறி இல்லையே என்கிறார்கள். பொற்கொல்லன் சிரித்துவிட்டுக் களவு நூலைப் பற்றி ஒரு நீண்ட விளக்கம் தருகிறான். மந்திரத்திலிருந்து கருவிவரை கள்வர்களுக்குத் துணையாகும் எட்டு வகைகளைச் சொல்கிறான். தந்திரமும் அவற்றில் ஒன்று. உறங்கும் இளவரசனின் மார்பிலிருந்து ஆரம் பறித்த கள்வனின் கதையை எடுத்து விடுகிறான். உண்மையான திருடன் திருட்டின் நுட்பங்களைப் பற்றிப் பாடம் எடுக்க, காவலர்கள் கேட்டு நிற்கிறார்கள். கடைசியில் கல்வியற்ற, குடிமயக்கத்தில் இருந்த ஒருவனின் வாள் பாய்கிறது.

அந்தச் சொற்பொழிவின் தர்க்கத்தைக் கவனிக்க வேண்டும். கள்வர்கள் அவ்வளவு தந்திரசாலிகள் என்றால், கள்வனாகத் தெரியாமல் இருப்பதே கள்வன் என்பதற்குச் சான்றாகிவிடுகிறது. நிரபராதியின் முகம் அவனுக்கு எதிரான சாட்சியாக மாறுகிறது. சந்தேகத்துக்குத் தீனி போட ஆதாரம் தேவையில்லை, ஆதாரம் இல்லாததே போதும். அன்றிலிருந்து தந்திரக் குற்றச்சாட்டு எந்த வடிவில் வந்தாலும் இந்தச் சுழலுக்குள்தான் இழுக்கிறது.

கோவலனின் மனைவி கண்ணகி அரசவையில் இதற்கு நேர்மாறாக நடக்கிறாள். கதை சொல்லவில்லை, வேடம் இல்லை. சிலம்பை உடைத்து உள்ளே இருப்பது முத்தா மாணிக்கமா என்று காட்டுகிறாள். உண்மை தெரிந்ததும் பாண்டியன் கள்வன் என்ற பெயரைத் தன்மேலேயே ஏற்றுக்கொண்டு உயிர்விடுகிறான். தவறான ஆள்மேல் ஒட்டப்பட்ட பெயர், விசாரிக்காமல் ஒட்டியவனிடமே திரும்புகிறது.

ஆண்டவன் செய்தால் விளையாடல்

பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணம் மதுரைக் காண்டம், கூடற் காண்டம், திருவாலவாய்க் காண்டம் என்ற மூன்று பகுதிகளில் சோமசுந்தரரின் அறுபத்து நான்கு ஆடல்களைச் சொல்கிறது. இவற்றில் கணிசமானவை, மனிதர் செய்திருந்தால் ஆள்மாறாட்டம், மோசடி, பொய்ச்சாட்சி என்று வழக்காகியிருக்கும்.

நரியைப் பரியாக்கிய கதையை எடுத்துக்கொள்ளலாம். மதுரைக்கு அருகே திருவாதவூரில் பிறந்த வாதவூரர், அரிமர்த்தன பாண்டியனின் அமைச்சர். குதிரை வாங்கக் கொண்டுபோன அரசுப் பணத்தைத் திருப்பெருந்துறையில் கோயில் திருப்பணிக்குச் செலவிட்டுவிடுகிறார். இன்றைய தணிக்கை அதிகாரி இதற்கு வேறு பெயர் வைத்திருப்பார். சிவபெருமான் நரிகளைக் குதிரைகளாக்கி ஒப்படைக்கிறார். இரவில் அவை மீண்டும் நரிகளாகி, லாயத்தில் இருந்த உண்மைக் குதிரைகளைக் கடித்துக் குதறிவிட்டு ஓடுகின்றன. அரசன் ஏமாந்தான், குதிரைகள் மாண்டன, அமைச்சர் சுடுமணலில் தண்டனை பெற்றார். புராணம் இந்த இழப்புகளை மறைக்கவில்லை. இருந்தும் இதன் பெயர் விளையாடல். ஆவணி மூலத் திருவிழாவில் இது ஆண்டுதோறும் நடத்திக் காட்டப்படுகிறது. அதையடுத்து, வந்திக் கிழவிக்காகக் கூலியாளாக வந்து பிட்டு வாங்கித் தின்றுவிட்டு வேலை செய்யாமல் படுத்த லீலைக்காகச் சாமி புட்டுத்தோப்புக்குப் போகிறது.

மாமனாக வந்து வழக்குரைத்த படலத்தில் வேடம் இன்னும் துணிச்சலானது. தனபதி என்ற வணிகர் தங்கை மகனைத் தத்தெடுத்துச் செல்வத்தை விட்டுவிட்டுத் தவத்துக்குப் போகிறார். தாயத்தார் அந்தப் பிள்ளையின் சொத்தைப் பறித்துக்கொள்கிறார்கள். இறைவன் தனபதியின் உருவில் வந்து சபையில் சாட்சி சொல்லி, சொத்தை மீட்டுக் கொடுத்துவிட்டு மறைகிறார். விறகு விற்ற படலத்தில், பாடகர் பாணபத்திரருக்காக விறகுக்காரனாக வந்து, அவரோடு போட்டியிட வந்த வித்துவான் ஏமநாதன் தங்கியிருந்த வீட்டுத் திண்ணையில் பாடுகிறார். மறுநாள் போட்டிக்கு நிற்காமல் ஏமநாதன் இரவோடிரவாக ஊரைவிட்டே ஓடுகிறான். 1965இல் ஏ. பி. நாகராஜனின் ‘திருவிளையாடல்’ படம் இந்த ஆடலைத் தமிழ்நாடு முழுவதும் கொண்டுசேர்த்தது.

இவற்றைச் சேர்த்துப் பார்த்தால் புராணத்துக்குள் ஓர் ஒழுங்கு தெரிகிறது. யாருக்காக ஏமாற்று என்பது முதல் கேள்வி: கிழவி, தகப்பனற்ற பிள்ளை, தோற்கவிருக்கும் பாடகர். யாருக்கு எதிராக என்பது அடுத்தது: அரசன், சொத்தைப் பறித்த உறவினர், செருக்குள்ள வித்துவான். மூன்றாவது, வேடம் கடைசிவரை நீடிப்பதில்லை. ஏதோ ஒரு கட்டத்தில் வந்தவர் யார் என்பது வெளிப்பட்டுவிடுகிறது. கூலியாள்மேல் விழுந்த பிரம்படி அரசன் முதுகிலும் விழுந்ததும் வேடம் கலைகிறது. பொற்கொல்லனின் சூழ்ச்சிக்கு இந்த மூன்றும் இல்லை. தனக்காக, எளியவனுக்கு எதிராக, என்றென்றும் வெளிப்படாமல் இருப்பதற்காகச் செய்தது அது.

இதே புராணத்தில் இன்னொரு வழக்கும் இருக்கிறது. பழியஞ்சின படலத்தில், ஆலமரத்தில் என்றோ சிக்கிக்கிடந்த அம்பு காற்றில் விழுந்து ஓர் அந்தணப் பெண் இறக்கிறாள். பக்கத்தில் வில்லோடு நின்ற வேடனைப் பிடித்துவருகிறார்கள். வதைத்துக் கேட்டும் அவன் தன் சொல்லை மாற்றவில்லை. வேடன் என்றால் கொல்வான் என்று பாண்டியன் முடித்துவிடவில்லை. உறுதியில்லாததால் தண்டனையை நிறுத்திவைத்து இறைவனிடம் முறையிடுகிறான். இறையருளால் திருமண வீடொன்றில் யம தூதர்கள் பேசுவதைக் கேட்டு உண்மை அறிகிறான். சிலப்பதிகாரத்துப் பாண்டியன் எந்த இடத்தில் சறுக்கினானோ, அதே இடத்தில் இவன் நின்று நிதானித்தான். மதுரையின் நினைவு இந்த இரண்டு அரசர்களையும் சேர்த்தே பாதுகாத்திருக்கிறது.

அரண்மனை வாசலில்

அரசியலுக்கு வரும்போது தந்திரத்தின் முன்னால் ராஜ என்ற அடை சேர்கிறது. சேர்ந்ததும் அதிலிருந்த களங்கம் மறைகிறது. 1689 முதல் 1706 வரை ஆண்ட மதுரை நாயக்க அரசி ராணி மங்கம்மாள், மொகலாயப் பேரரசோடு போரிட்டு அழிவதைவிடத் திறை செலுத்தி நாட்டைக் காப்பது மேல் என்று நடந்துகொண்டார். பள்ளிப் பாடங்கள் இதை ராஜதந்திரம் என்று மெச்சுகின்றன. ஒரு குறுநிலத் தலைவன் அதையே செய்திருந்தால் நழுவல், கோழைத்தனம் என்ற பெயர் கிடைத்திருக்கும்.

நாயக்கர் ஆட்சியின் முடிவையும் ஓர் ஏமாற்றோடுதான் மக்கள் நினைவில் வைத்திருக்கிறார்கள். 1730களில் ராணி மீனாட்சி, ஆற்காட்டிலிருந்து வந்த சந்தா சாகிபின் வாக்கை நம்பினார். குர்ஆன்மீது சத்தியம் செய்ததாகக் காட்டி, பட்டில் சுற்றிய செங்கல்மேல் அவர் சத்தியம் செய்தார் என்பது வழிவழியாக வரும் கதை. செங்கல் உண்மையோ இல்லையோ, நம்பிக்கை பொய்த்தது உண்மை. ராணி ஆட்சியை இழந்தார். கதை ஏன் செங்கல்லைத் தேடிப் பிடித்தது என்பதுதான் கவனிக்கத்தக்கது. போரில் தோற்பது வழக்கமான செய்தி. சத்தியத்தைப் பொய்யாக்குவது மட்டுமே மக்கள் மன்னிக்காத தந்திரம்.

முப்பது ஆண்டுகள் கழித்து மதுரைக் கோட்டையில் யூசுப் கான் என்ற மருதநாயகத்துக்கு நேர்ந்ததும் இதுவே. கிழக்கிந்தியக் கம்பெனிக்காகவும் ஆற்காட்டு நவாபுக்காகவும் மதுரையை ஆண்டவர், 1763இல் இருவரையும் எதிர்த்து நின்றார். முற்றுகையை மாதக்கணக்கில் தாங்கிய கோட்டை உள்ளிருந்தே விழுந்தது. பிரெஞ்சுத் தளபதி மார்ஷாந்தும் யூசுப் கானின் திவான் சீனிவாச ராவும் சேர்ந்து, தொழுகையில் இருந்தவரைப் பிடித்துக் கொடுத்தார்கள். 1764 அக்டோபர் 15 அன்று சம்மட்டிபுரத்தில் அவர் தூக்கிலிடப்பட்டார். கம்பெனியின் ஏடுகளில் அவர் கலகக்காரர். கான்சாகிபு சண்டை என்ற கதைப்பாடலைக் கேட்டவர்களுக்கோ அவர் கூட இருந்தோரால் வீழ்ந்த வீரர்.

காவல், களவு, சட்டம்

1755இல் கர்னல் ஹெரான் தலைமையில் கம்பெனிப் படை மதுரைச் சீமைக்குள் வந்தது. மதுரைக்கு அருகே உள்ள கோவில்குடி, அதாவது திருமோகூர்க் கோயிலின் திருமேனிகளை அள்ளிக்கொண்டு திரும்பியது. நத்தம் கணவாயில் கள்ளர் சமூகத்தினர் அந்தப் படையை மறித்துத் தாக்கித் திருமேனிகளை மீட்டார்கள். பிற்பாடு ராணுவ விசாரணைக்கு உள்ளாகிப் பதவி இழந்தார் ஹெரான். ஆனால் இதைப் பதிவுசெய்த ராபர்ட் ஓர்மின் வரலாற்று நூலில், சிலை எடுத்தவர்கள் படையினர், மீட்டவர்களே காட்டுமிராண்டிகள். மறைந்திருந்து தாக்குவதைப் படை செய்தால் உத்தி, ஊர் செய்தால் கயமை.

காவல் முறை இதைவிடச் சிக்கலானது. உசிலம்பட்டி, திருமங்கலம் வட்டாரத்துப் பிறமலைக் கள்ளர்களில் பலர் சுற்றுவட்டக் கிராமங்களுக்குக் காவல் பார்த்து ஊதியம் பெற்றார்கள். களவு போனால் மீட்டுத்தர வேண்டும், இல்லையேல் ஈடுகட்ட வேண்டும். களவுபோன மாட்டைப் பற்றித் துப்புக் கொடுக்கத் துப்புக்கூலி என்ற வழக்கமும் இருந்தது. காவலுக்குப் பணம் தராத ஊரில் களவு நடக்கும் என்ற அச்சமும் இருந்தது. குடியானவர்களில் ஒரு பகுதியினர் இதைச் சுமையாகவே உணர்ந்தார்கள். 1896இல் திண்டுக்கல் பக்கம் எழுந்த காவல் எதிர்ப்பு இயக்கம் அதற்குச் சான்று. காவலும் களவும் ஒரே கையில் இருந்ததை மறைத்துப் பேசுவதும், களவு மட்டுமே இருந்தது என்று பேசுவதும் வரலாறு ஆகாது.

அரசின் விடை குற்றப் பழங்குடிகள் சட்டம். 1871இல் வட இந்தியாவுக்காக எழுதப்பட்ட அது, 1911 திருத்தத்தால் சென்னை மாகாணத்துக்கும் நீண்டது. சட்டத்தின் நுட்பம் அதன் இலக்கில் இருக்கிறது. சாதாரணச் சட்டம் ஒரு நாளில், ஓர் இடத்தில் நடந்த செயலைத் தண்டிக்கும். இது, குற்றம் செய்யும் இயல்புள்ள கூட்டம் என்று அரசு அறிவித்த ஒரு பிரிவை முழுதாகப் பதிவேட்டில் ஏற்றியது. அந்த அறிவிப்பை நீதிமன்றத்தில் கேள்வி கேட்கவும் வழியில்லை. ஆண்கள் கைரேகை பதிய வேண்டும், ஆஜராக வேண்டும், அனுமதி இல்லாமல் இரவில் ஊர் தாண்டக் கூடாது. மக்கள் இதை ரேகைச் சட்டம் என்றார்கள். அமைதியாக உழுது வாழ்பவரும் பட்டியலில்தான். அவருடைய அமைதி ஒரு மறைப்பு என்று கருதப்பட்டது. பொற்கொல்லன் காவலர்களுக்குச் சொன்ன அதே தர்க்கத்தை அரசிதழ் அச்சிட்டது.

1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் ரேகைப் பதிவை எதிர்த்துத் திரண்ட மக்கள்மேல் காவல்துறை சுட்டது. மாயக்காள் என்ற பெண் உள்ளிட்டோர் மாண்டார்கள். மதுரையில் வழக்கறிஞராக இருந்த ஜார்ஜ் ஜோசப் இந்த மக்களுக்காக வாதாடினார். அவர்கள் அவரை அன்போடு ரோசாப்பூ துரை என்றார்கள். முத்துராமலிங்கத் தேவர் சட்டத்தை எதிர்த்து ஊர் ஊராகப் பேசினார். சென்னை மாகாணத்தில் 1947இல் சட்டம் நீங்கியது. சீர்திருத்தம் என்ற பெயரில் அரசு தொடங்கிய கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் இன்றும் மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் இயங்குகின்றன.

கள்ளர் வேடத்தில் சாமி, கருப்பின் கதவு

அரசிதழ் ஒரு பெயரைக் குற்றமாக எழுதிய காலத்திலும், அதே பெயரில் சாமி ஆற்றில் இறங்கிக்கொண்டுதான் இருந்தது. சித்திரையில் அழகர்மலையிலிருந்து புறப்படும் சுந்தரராசப் பெருமாள், கொண்டையும் வளைதடியுமாகக் கள்ளர் திருக்கோலத்தில் வருகிறார். தல்லாகுளத்தில் அந்தக் கோலத்தைக் களைந்து, ஆண்டாள் சூடிய மாலை அணிந்து, தங்கக் குதிரையில் வைகைக்குப் போகிறார். ஒரு காலத்தில் வழிமறித்த கள்ளரோடு கோயில் செய்துகொண்ட சமரசத்தின் அடையாளம் இது என்ற விளக்கம் உண்டு. பக்தர்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. தங்களைப் போல உடுத்தி வரும் சாமியை அவர்கள் தங்களில் ஒருவராகவே பார்த்தார்கள்.

அந்த மலையடிவாரத்தில் பதினெட்டாம்படிக் கருப்பு இருக்கிறார். அழகரின் ஆற்றலை மந்திரத்தால் திருட மலையாள நாட்டிலிருந்து வந்த பதினெட்டு மந்திரவாதிகள் பிடிபட்டுப் படிக்கட்டுகளின் கீழ் புதைக்கப்பட்டார்கள் என்பது தலக்கதை. அவருக்கு உருவச்சிலை இல்லை. சந்தனம் பூசிய பெருங்கதவே தெய்வம். கொடுக்கல் வாங்கலில் யார் பொய் சொல்கிறார் என்று தெரியாதபோது, ஊர்க்காரர்கள் அந்தக் கதவின் முன் சத்தியம் செய்யச் சொல்வார்கள். தந்திரத்தைக் கண்டுபிடிக்கக் கருவி இல்லாத சமூகம் ஏற்படுத்திக்கொண்ட கருவி இது. ரேகைச் சட்டத்திலிருந்து இது எங்கே வேறுபடுகிறது? கருப்பின் முன் நிற்பவன் ஒரு குறிப்பிட்ட செயலுக்கு மட்டும் பதில் சொல்கிறான். அந்த மாட்டை நீ ஓட்டினாயா, அந்தப் பணத்தை வாங்கினாயா என்பதோடு விசாரணை முடிந்துவிடுகிறது. நீ எந்தச் சாதி என்று கதவு கேட்பதில்லை.

ஆய்வாளர்கள் கண்டதும் விட்டதும்

இந்தப் பரப்பை ஆய்வாளர்கள் துண்டு துண்டாக உழுதிருக்கிறார்கள். 1868இல் நெல்சன் எழுதிய மதுரை நாட்டு வரலாறும், 1906இல் பிரான்சிஸ் தொகுத்த மாவட்ட விவரச்சுவடியும், 1909இல் வெளியான தர்ஸ்டனின் சாதிகள் பற்றிய தொகுதிகளும் காலனியப் பார்வையின் ஆவணங்கள். அவற்றில் களவு ஒரு சமூகத்தின் குணமாகவே வருகிறது. 1957இல் லூயி துய்மோன் பிறமலைக் கள்ளரைப் பற்றிப் பிரெஞ்சில் எழுதிய நூல் உறவுமுறை, வழிபாடு ஆகியவற்றின் பக்கம் கவனத்தைத் திருப்பியது. 1978இல் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன், குற்றப் பழங்குடி என்ற முத்திரையே மறுபரிசீலனைக்கு உரியது என்று காட்டினார். அழகர் கோயிலைப் பற்றிய தொ. பரமசிவனின் ஆய்வை மதுரை காமராசர் பல்கலைக்கழகம் 1989இல் வெளியிட்டது. கோயிலுக்கும் சுற்றியுள்ள சாதிகளுக்குமான பிணைப்பை அது விரிவாகப் பேசியது. 2009இல் ஆனந்த் பாண்டியன், கம்பம் பள்ளத்தாக்கின் உழவர்கள் தங்கள் மனத்தின் கள்ளத்தைத் தாங்களே எப்படித் திருத்த முயல்கிறார்கள் என்று எழுதினார். சு. வெங்கடேசனின் ‘காவல் கோட்டம்’ நாவல் 2011க்கான சாகித்திய அகாதெமி விருது பெற்றது. காவலையும் களவையும் ஒரே வாழ்வின் இரு பக்கங்களாக அது வைத்தது.

உலக அளவில் இரண்டு நூல்கள் உதவுகின்றன. தெத்தியேன், வெர்னான் இருவரும் 1974இல் கிரேக்கரின் ‘மேட்டிஸ்’ என்னும் தந்திர அறிவைப் பற்றி எழுதினார்கள். மெய்யியலர் ஒதுக்கிய அந்த அறிவை மீனவரும் வேட்டைக்காரரும் மாலுமியும் நம்பி வாழ்ந்தார்கள் என்பது அவர்கள் கண்டது. 1985இல் ஜேம்ஸ் ஸ்காட், மலேசியக் கிராமமொன்றை ஆராய்ந்து, வேலையை இழுத்தடிப்பது, தெரியாததுபோல் நடிப்பது போன்றவை எளியவரின் ஆயுதங்கள் என்றார். பிட்டைத் தின்றுவிட்டுப் படுத்துக்கொண்ட கூலியாளை மதுரைக்காரர்கள் இதற்கு வெகுகாலம் முன்பே கடவுளாக வைத்துக் கொண்டாடிவிட்டார்கள்.

விடுபட்டவை இரண்டு. அன்றாடப் பேச்சின் சொற்களையும் இந்த வரலாற்றையும் இணைத்துப் பார்த்தவர் குறைவு. அகராதி ஒரு பக்கமும் வரலாறு மறு பக்கமும் நிற்கின்றன. சிரிப்பும் ஆய்வுக்கு வெளியே நிற்கிறது. மதுரைக்காரரான நகைச்சுவை நடிகர் வடிவேலுவின் சூனா பானா என்ற பாத்திரம், ஆட்டுத் திருட்டுக்காகப் பஞ்சாயத்தில் நிறுத்தப்பட்டுப் பேச்சாலேயே தப்பிக்கும்போது, தென்மாவட்டத்துப் பார்வையாளர் யார் பக்கம் நின்று சிரிக்கிறார்கள் என்பது ஓர் ஆய்வுக்குரிய கேள்வி. ஜல்லிக்கட்டில் வாடிவாசலைத் தாண்டி ஓடாமல், வீரர்களைப் போக்குக்காட்டித் திரும்பும் காளையை ‘நின்னு விளையாடுது’ என்று அலங்காநல்லூரில் கொண்டாடுகிறார்கள். புராணம் கடவுளுக்குக் கொடுத்த சொல்லை வாடிவாசல் மாட்டுக்கும் கொடுக்கிறது.

எந்த இடத்தில் ஒட்டுவது

மதுரையின் சான்றுகள் தந்திரத்தை ஒட்டுமொத்தமாகப் புகழவும் இல்லை, இகழவும் இல்லை. யாருக்காக, யாருக்கு எதிராக, கடைசியில் வெளியே வந்து நின்றானா என்று கேட்டுத் தீர்ப்புச் சொல்லியிருக்கின்றன. மங்கம்மாளும் பொற்கொல்லனும் விறகு விற்ற சிவனும் சந்தா சாகிபும் இந்தக் கேள்விகளுக்கு வெவ்வேறு விடைகள் தருவதால்தான் வெவ்வேறு சொற்களைப் பெறுகிறார்கள். எப்போதும் நியாயமாகப் பெறுகிறார்கள் என்று சொல்ல முடியாது. ஆட்சியில் இருப்பவருக்கு நல்ல சொல் மலிவாகக் கிடைக்கிறது. ஆனாலும் செயலைப் பார்த்துத்தான் சொல் வருகிறது என்ற அளவில் அதில் திருத்தத்துக்கு இடம் உண்டு. தவறாகச் சொன்னவன், சிலம்பு உடைந்ததும், தன் சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியும்.

வினையடைக்கு இலக்கணம் கொடுத்த இடம் வினையின் பக்கம். செயல் முடிந்தால் அதன் வேலையும் முடிந்தது. அதைப் பிடுங்கி ஓர் ஆளின் பெயரோடும் ஒரு சாதியின் பெயரோடும் ஒட்டியபோதெல்லாம் மதுரையில் விசாரணை நின்றிருக்கிறது. விசாரணை நின்ற இடத்தில் உயிர் போயிருக்கிறது. கொலைக்களத்தில் கோவலனுக்கும் பெருங்காமநல்லூரில் மாயக்காளுக்கும் நேர்ந்தது இதுவே. இன்றும் காவல் நிலையத்தில், நேர்காணல் அறையில், வாடகைக்கு வீடு கேட்டுப் போகும் வாசலில், ‘அந்த ஊர்க்காரங்க அப்படித்தான்’ என்ற சொல் ஒலிக்கிறது. அப்போது கேட்க வேண்டியது ஒன்றே: எந்த நாள், எந்த இடம், எந்தச் செயல்? இதற்கு விடை சொல்ல முடியாதவர், ‘தந்திரமாக’ என்ற சொல்லை யார்மேலும் சாத்த உரிமை இல்லாதவர்.